தனியாக வந்தால் தாங்கும் தேனீ, எல்லாம் சேர்ந்து வந்தால் ஏன் சாகிறது?

நீங்கள் கேட்டிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: தேனீக்கள் அழிவதற்கு ஒருவர் பூச்சிக்கொல்லி என்கிறார், இன்னொருவர் உண்ணி என்கிறார், வேறொருவர் பூக்கள் குறைந்துவிட்டன, வெயில் கூடிவிட்டது என்கிறார். ஆய்வாளர்களைக் கேட்டால் "எல்லாம் சேர்ந்துதான்" என்று முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பாதுகாப்பான அளவில் இருக்கும்போது, சேர்ந்தால் மட்டும் எப்படிக் கொல்லும்? இது உண்மையான விளக்கமா, இல்லை யார் மேலும் பழி விழாமல் தப்பிக்கச் சொல்லும் பேச்சா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று உயிரியல், மற்றது பொறுப்பு யாருடையது என்பது. இரண்டாவதற்கு நேர்மையான பதில் முதலாவதிலிருந்துதான் கிடைக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பூச்சியியல் படித்தவன். நலிந்துபோன தேனீக் குடும்பங்களைப் பரிசோதித்து என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. நச்சியல் ஆய்வுகளை நான் செய்வதில்லை. அந்தப் பகுதியில் சொல்வதெல்லாம் மற்றவர்கள் செய்து வெளியிட்டதைப் படித்துச் சொல்வது. முதலில் ஒரு அளவுகோலை வைத்துக்கொள்வோம். ஒரு தொல்லையால் 100 தேனீக்களில் 10 சாகின்றன, இன்னொன்றால் 15 சாகின்றன என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து வரும்போது 25 வாக்கில் செத்தால் அது வெறும் கூட்டல். 60 செத்தால் ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடுகிறது. அதைப் பெருக்க விளைவு என்று சொல்லலாம். 25-ஐவிடத் தெளிவாகக் குறைந்து நின்றால் ஒன்றையொன்று தணிக்கிறது. "சேர்ந்து தாக்குகின்றன" என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். உங்கள் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

பெருக்க விளைவு எந்தச் சந்தேகமும் இல்லாமல் நிரூபணமான இடம் ஒன்று உண்டு: தேனீயின் உடல் நஞ்சை முறிக்கும் விதம். தேனீயின் உடலுக்குள் போகும் நஞ்சை உடைத்து வெளியேற்றுவதில் பி450 என்ற நொதிக் குடும்பத்துக்குப் பெரிய பங்கு. 2006-ல் தேனீயின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, மற்றப் பல பூச்சிகளோடு ஒப்பிட்டால் இந்த நஞ்சு முறிக்கும் மரபணுக்கள் அதனிடம் குறைவு என்று தெரியவந்தது. இப்போது பயிர்களுக்கு அடிக்கும் பூஞ்சாணக்கொல்லிகளில் அசோல் வகை இருக்கிறதே, அது பூஞ்சையைக் கொல்வதே பூஞ்சைக்குள் இருக்கும் பி450 நொதி ஒன்றை முடக்கித்தான். அதே மருந்து தேனீயின் பி450 நொதிகளையும் ஓரளவு முடக்குகிறது. அந்தப் பூஞ்சாணக்கொல்லியால் மட்டும் தேனீ சாவதில்லை. ஆனால் அதன் மேல் ஒரு பூச்சிக்கொல்லி வந்து சேர்ந்தால் அதை உடைக்க நொதி இல்லை. வாய்க்காலில் அடைப்பு விழுந்துவிட்டால் வழக்கமான மழைக்கே தண்ணீர் வீட்டுக்குள் ஏறிவிடுவது மாதிரிதான் இது.

எவ்வளவு மோசமாகும்? 2004-ல் வெளியான ஓர் ஆய்வக ஆய்வில், ஒரு அசோல் பூஞ்சாணக்கொல்லியோடு சேர்ந்தபோது அசிட்டமிப்ரிட் என்ற பூச்சிக்கொல்லியின் நச்சுத்தன்மை 200 மடங்குக்கு மேலும், தயாகுளோபிரிட்டின் நச்சுத்தன்மை 1000 மடங்குக்கு மேலும் கூடியது. இவற்றைப் போலவே நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிக்கொல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த இமிடாகுளோபிரிட் இரண்டு மடங்கு கூடக் கூடவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு 2018-ல் விடை கிடைத்தது. தயாகுளோபிரிட்டை உடைக்க தேனீயிடம் சிஒய்பி9க்யூ3 என்ற நொதி இருக்கிறது; தனியாக வரும்போது அது தேனீக்குப் பெரிய ஆபத்தில்லாமல் இருப்பதே இந்த நொதியால்தான். இமிடாகுளோபிரிட்டை அந்த நொதியால் சரியாக உடைக்க முடியாது. அதனால் நொதியை முடக்கினாலும் பெரிய மாற்றமில்லை, அது ஏற்கெனவே கடும் நஞ்சு. ஆக, "தேனீக்குப் பாதுகாப்பானது" என்று பெயர் வாங்கிய மருந்துதான் கலவையில் அதிகம் மாறிப்போகிறது. இது என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்கும் விஷயம். ஏனென்றால் பாதுகாப்பானது என்று நினைத்துத்தான் பூத்திருக்கும் பயிரில் அதை அடிக்கிறார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வில் பூஞ்சாணக்கொல்லியைத் தேனீயின் உடலில் நேரடியாகக் கணிசமான அளவில் வைத்தார்கள். வயலில் தேனீக்கு ஒட்டுவது அதைவிடக் குறைவு, அதற்கேற்ப மடங்கும் குறையும். விளைவு உண்மை, 1000 என்ற எண்ணை வயலுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

இதே நெருக்கடி தேனீப் பெட்டிக்குள்ளேயும் நடக்கிறது, அதை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. உண்ணிக்காகத் தேனீ வளர்ப்பவர்களே வைக்கும் டாவ்-ஃப்ளுவாலினேட், கூமாஃபாஸ் இரண்டையும் உடைப்பது அதே பி450 நொதிகள். இரண்டும் மெழுகில் ஊறி வருடக்கணக்கில் அடையிலேயே தங்கும். ஒன்று உடலில் ஏறியிருக்கும்போது மற்றது கூடுதலாகக் கொல்கிறது என்று 2009-லேயே காட்டிவிட்டார்கள். 2010-ல் அமெரிக்காவில் தேனீ, மெழுகு, மகரந்த மாதிரிகளைச் சோதித்தபோது மொத்தம் 121 வகைப் பூச்சிக்கொல்லிகளும் அவற்றின் சிதைவுப் பொருட்களும் கிடைத்தன. ஒரு மாதிரியில் சராசரியாக ஆறு. ஒரே ஒரு மருந்தை மட்டும் சந்திக்கும் தேனீ அபூர்வம்.

அடுத்தது உண்ணியும் வைரஸும். வரோவா உண்ணி ஆசியத் தேனீயிடமிருந்து மேற்கத்தியத் தேனீக்குத் தாவியது. ஆசியத் தேனீயிடம் அது பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில்தான் பெருகும், அதனால் குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. மேற்கத்தியத் தேனீயிடம் வேலைக்காரத் தேனீ அறைகளிலும் பெருகுவதால் தடுப்பார் இல்லை. உண்ணி உறிஞ்சுவது ஒரு பங்குதான். அது ஊசி மாதிரி வைரஸை உள்ளே ஏற்றுவதுதான் பெரிய கேடு. ஹவாய்த் தீவுகளுக்கு 2007 வாக்கில் உண்ணி வந்து சேர்ந்தது. அதற்கு முன் அங்கே சிறகுச் சிதைவு வைரஸ் ஏறக்குறைய 10 சதவீதக் குடும்பங்களில்தான் இருந்தது. உண்ணி நிலைத்த பிறகு எல்லாக் குடும்பங்களிலும் இருந்தது; வைரஸின் பல ரகங்கள் மறைந்து ஒரே ரகம் மேலோங்கியது. உண்ணியும் வைரஸும் தனித்தனித் தொல்லைகள் என்று பிரித்துப் பேசுவதே இந்த இடத்தில் தவறு.

அடை ஒன்றை எடுத்து, மூடியிருக்கும் அறை ஒன்றைக் கவனமாகத் திறந்து பாருங்கள். பாதிக்கப்பட்ட அறை என்றால் மேல்சுவரில் சுண்ணாம்பு தெறித்தது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். உண்ணியின் எச்சம் அது. கூட்டுப்புழுவை வெளியே எடுத்தால் வயிற்றுப் பக்கம் செம்பழுப்பில் தாய் உண்ணி, அதோடு வெளிறிய குஞ்சுகள். அந்த அறையிலிருந்து வெளிவரும் தேனீயின் சிறகு கசங்கிய காகிதம் போல இருந்தால் வைரஸ் அதிகம் என்று பொருள். சிறகு நன்றாக இருந்தாலும் தப்பித்தது என்று சொல்ல முடியாது. உண்ணி கடிப்பது தேனீயின் கொழுப்புத் திசுவையும் சேர்த்துத்தான் என்று 2019-ல் ஓர் ஆய்வு காட்டியது. தேனீக்குப் புரதச் சேமிப்பு, நோய் எதிர்ப்பு, நஞ்சு முறிப்பு ஆகிய மூன்றுக்குமே அந்தத் திசு முக்கியம். அங்கே கைவைத்தால் மற்ற எல்லாத் தொல்லைக்கும் கதவு திறக்கிறது. எதிர்த்திசையிலும் இந்த வழி உண்டு. க்ளோத்தியானிடின் என்ற பூச்சிக்கொல்லி, சாகடிக்காத அளவிலேயே, தேனீயின் எதிர்ப்பாற்றலை இயக்கும் சமிக்ஞை ஒன்றைத் தணித்து, அடங்கிக் கிடந்த சிறகுச் சிதைவு வைரஸைப் பெருக விடுகிறது என்று 2013-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

உணவுக்கு வருவோம். மகரந்தத்தை வெறும் புரதம் என்று நினைப்பவர்கள் அதிகம். பல வகைப் பூக்களின் மகரந்தம் கிடைக்கும் தேனீக்களிடம், புழு உணவைக் கிருமியின்றி வைக்க உதவும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி கூடுதலாக இருக்கிறது. மகரந்தத்தில் இருக்கும் பி-கூமாரிக் அமிலம் நஞ்சு முறிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது என்று 2013-ல் கண்டார்கள். சர்க்கரைப் பாகில் அது கிடையாது. அப்படியென்றால், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர் இருக்கும் இடத்தில், சர்க்கரைப் பாகை நம்பி இருக்கும் குடும்பம், நஞ்சு அதிகம் வரும் அதே இடத்தில் நஞ்சைச் சமாளிக்கும் திறன் குறைந்து நிற்கிறது. 2017-ல் வந்த ஓர் ஆய்வில், நியோனிகோட்டினாய்டும் சர்க்கரைத் தட்டுப்பாடும் சேர்ந்தபோது உயிர்பிழைத்தல் இரண்டின் கூட்டுத்தொகையையும் மிஞ்சிச் சரிந்தது. பூவின் தரமே மாறிவருகிறது என்பதற்கும் ஓர் ஆதாரம் உண்டு. 1842-லிருந்து சேமித்து வைக்கப்பட்ட கோல்டன்ராட் மலர் மாதிரிகளைச் சோதித்ததில், காற்றில் கரியமில வாயு கூடக்கூட மகரந்தத்தின் புரதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு தேனீயின் உடலுக்குள். நான் பார்க்கும் சாவுகளில் பெரும்பாலானவை குடும்பத்தின் மட்டத்தில் நடப்பவை. அங்கே தொல்லைகள் ஒன்றின் வேலையை இன்னொன்று முடித்துவைக்கின்றன. புழு அடையைத் தேனீக்கள் 35 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கின்றன. குளிரில் நெருங்கி உட்கார்ந்து சூடேற்ற வேண்டும், வெயிலில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்துச் சிறகால் விசிற வேண்டும். இரண்டுக்கும் ஆள் வேண்டும். வெளியே போன தேனீக்கள் மருந்தில் மாட்டித் திரும்பவில்லை என்றால் உள்ளே புழு பார்க்கும் இளம் தேனீக்கள் வயது வருமுன்பே வெளியே போகின்றன. புழு அடையில் ஆள் குறைகிறது. வெப்பம் 30 டிகிரி வரை இறங்கினால், அதுவரை ஒன்றும் செய்யாமல் கிடந்த சுண்ணக்கட்டிப் பூஞ்சை புழுக்களைப் பிடித்துக்கொள்கிறது. பெட்டி வாசலில் சுண்ணாம்புத் துண்டு மாதிரி காய்ந்த புழுக்கள் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பூஞ்சை நோய் என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் அந்தப் பூஞ்சை அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. 32 டிகிரியில் வளர்ந்த கூட்டுப்புழுக்கள் பார்வைக்கு நல்ல தேனீக்களாகவே வெளிவந்தாலும், 36 டிகிரியில் வளர்ந்தவற்றைவிட நினைவாற்றலிலும் நடனத்தில் வழி சொல்வதிலும் பின்தங்கியிருந்தன என்றும் ஆய்வு இருக்கிறது. அப்படி வந்த தேனீ வெளியே போனால் திரும்பாமல் போகும் வாய்ப்பு அதிகம். வட்டம் இன்னும் இறுகுகிறது.

2015-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் சிறு மின்னணு அடையாளச் சில்லுகளை ஒட்டி இதை அளந்தார்கள். வயதுக்கு முன்பே வேலைக்குப் போகும் தேனீக்கள் குறைந்த முறைதான் போய்வருகின்றன, முதல் சில பறப்புகளிலேயே சாவதும் அதிகம். அதை ஈடுகட்ட இன்னும் இளையவை போகின்றன. ஒரு கட்டம் வரை குடும்பம் தாங்குகிறது. அதைத் தாண்டினால் சில வாரங்களில் சரிந்துவிடுகிறது. "போன மாதம் நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று காலியாகிவிட்டது" என்று பலர் என்னிடம் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. தொல்லை மெதுவாக ஏறினாலும் விழுவது வேகமாகத்தான் இருக்கும். செத்த தேனீக்கள் பெட்டிப் பக்கத்தில் கிடைக்காததற்கும் காரணம் இதுதான்: அவை வெளியே போன இடத்தில் சாகின்றன. வெப்பம் ராணியையும் விடுவதில்லை. ராணியின் உடலில் சேமித்திருக்கும் விந்தணுக்கள் இரண்டு மணி நேரத்துக்கு 15 முதல் 38 டிகிரி வரை தாங்கும், அதற்கு வெளியே போனால் உயிர்த்தன்மை குறைகிறது என்று 2020-ல் கணித்தார்கள். ஆள் நிறைந்த குடும்பம் ராணியை அந்த வெப்பத்திலிருந்து காப்பாற்றும், நலிந்த குடும்பத்துக்கு அது கடினம்.

இப்போது எனக்கு உறுதி குறையும் இடம். 2021-ல் 90 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு நேச்சர் இதழில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பல தொல்லைகள் சேரும்போது சாவு பெருக்கமாகவே கூடியது. பிரித்துப் பார்த்தபோது பெருக்கத்துக்கான வலுவான ஆதாரம் வேளாண் இரசாயனங்கள் ஒன்றோடொன்று சேரும்போது மட்டும்தான் நின்றது. ஒட்டுண்ணி, ஊட்டக் குறைவு ஆகியவை சேரும்போது சராசரியாக வெறும் கூட்டல்தான். எதிர்ப்பாற்றல், நடத்தை போன்றவற்றில் கூட்டலாகவோ அதற்கும் குறைவாகவோ இருந்தது. அப்படியானால் நான் மேலே சொன்ன வைரஸ் ஆய்வும் உணவு ஆய்வும் பொய்யா? இல்லை. குறிப்பிட்ட மருந்து, குறிப்பிட்ட நோய், குறிப்பிட்ட அளவு என்று வரும்போது பெருக்கம் நடக்கிறது. எல்லா ஜோடிக்கும் அதையே பொது விதியாக்க முடியாது. "எல்லாமே ஒன்றையொன்று பெருக்கும்" என்று எழுதுபவர்கள் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்பது என் கருத்து. அதே சமயம், கூட்டல் என்றாலே சாதாரணம் என்றும் ஆகாது. விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்குக் கூட்டலே போதும்.

வயல் ஆய்வுகளைப் படிக்கும்போது இன்னும் பொறுமை வேண்டும். 2015-ல் ஸ்வீடனில் க்ளோத்தியானிடின் பூசிய விதையில் வளர்ந்த கடுகு வகைப் பயிரைச் சுற்றிப் பார்த்தபோது, தனித்து வாழும் காட்டுத் தேனீக்களும் பம்பிள் தேனீக்களும் பாதிக்கப்பட்டன. பெட்டியில் வளர்க்கும் தேனீக் குடும்பங்களில் பாதிப்பைக் காண முடியவில்லை. 2017-ல் மூன்று நாடுகளில் ஒரே முறையில் செய்த ஆய்வில், ஹங்கேரியில் தேனீக் குடும்பங்கள் நலிந்தன, ஜெர்மனியில் நலிவு தெரியவில்லை, சில அளவீடுகள் மேம்படவும் செய்தன. இதைக் காட்டி "பார்த்தீர்களா, மருந்தால் ஒன்றுமில்லை" என்பவர்களும் உண்டு, "ஹங்கேரியைப் பாருங்கள்" என்பவர்களும் உண்டு. எனக்கு இந்த முரண்பாடே ஒரு தகவலாகத் தெரிகிறது. சுற்றியுள்ள பூக்கள், ஏற்கெனவே இருந்த நோய் இவற்றைப் பொறுத்து ஒரே மருந்தின் விளைவு மாறக்கூடும். பெரிய குடும்பம் இழப்பை ஈடுகட்டிக் கொஞ்ச காலம் மறைத்துவைக்கவும் முடியும். ஆனால் எந்த நாட்டில் எது எவ்வளவு பங்கு என்று பிரித்து எடை போட இன்றுள்ள தரவு போதாது. அமெரிக்காவில் 2006 குளிர்காலத்திலிருந்து குடும்பங்கள் திடீரெனக் காலியானபோது, 61 அளவீடுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். எந்த ஒன்றும் தனியாக விடையாக நிற்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி: இது நழுவலா? அப்படிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்னவற்றைக் கவனித்தால், சேர்ந்து தாக்குகின்றன என்பது பொறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் அடிப்படைச் சோதனை பெரும்பாலும் ஒரே ஒரு பொருளை, நல்ல உணவோடு கூண்டில் இருக்கும் நோயற்ற தேனீக்களுக்குக் கொடுத்து, 48 மணி நேரம் பார்ப்பது. நான் சொன்ன எந்தக் கூட்டும் அதில் தெரியாது. தொட்டியில் கலந்து அடிக்கும் கலவைகளைக் கலவையாகவே சோதிக்க வேண்டும் என்று கேட்பதற்கு, இன்று கையில் இருக்கும் ஆதாரமே போதும். அதேபோல, உண்ணியைக் கட்டுப்படுத்தாமல் விட்டுவிட்டு முழுப்பழியையும் பக்கத்து வயல் மேல் போடுவதும் சரியாகாது. எந்த ஒரு கண்ணியை அறுத்தாலும் மற்றவற்றின் பலம் குறைகிறது என்பதால், கைக்கு எட்டுவதிலிருந்து தொடங்குவதில் தப்பில்லை.

பெட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால், என் கணக்கில் முதல் இடம் உண்ணிக்குத்தான். அதன் மேல் உங்களுக்கு நேரடிப் பிடி இருக்கிறது. புழு அடையிலிருந்து 300 தேனீக்கள் வாக்கில் எடுத்து ஆல்கஹாலில் குலுக்கி உண்ணியை எண்ணுங்கள். ராணி அதில் போய்விடாமல் முதலில் அதைத் தேடி ஒதுக்கி வையுங்கள். மேற்கத்தியத் தேனீயில் 100-க்கு 3-ஐ நெருங்கினால் காத்திருக்க வேண்டாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப வைக்காமல் மாற்றுங்கள். கறுத்துப் பழசான புழு அடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டால் மெழுகில் ஊறிய எச்சமும் போகும். பூ இல்லாத காலத்தில் பாகு மட்டும் கொடுத்தால் போதாது, மகரந்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் பயிர் வைத்திருப்பவர்களிடம் பேசும்போது பூச்சிக்கொல்லியோடு நிறுத்தாமல் பூஞ்சாணக்கொல்லியைப் பற்றியும் கேளுங்கள். பூக்கும் காலத்தில் கூடுமானவரை எதையும் அடிக்காமல் இருப்பது நல்லது, தவிர்க்கவே முடியாது என்றால் தேனீ நடமாட்டம் ஓய்ந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.

குடும்பம் ஏற்கெனவே செத்துவிட்டது, காரணம் தெரிய வேண்டும் என்றால், தாமதிக்காமல் ஒரு கை அளவு தேனீக்களை உறைபெட்டியில் வையுங்கள். வெளியே கிடந்தால் வைரஸின் தடயமும் மருந்தின் தடயமும் சிதைந்துவிடும். புழு அடையில் ஒரு துண்டையும் மகரந்தம் இருக்கும் துண்டையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம், அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் என்ன அடித்தார்கள், அதே தொட்டியில் வேறு என்ன கலந்தார்கள் என்று கேட்டுத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால்தான் ஆய்வகத்தில் எந்தப் பொருளைத் தேடுவது என்று முடிவு செய்ய முடியும்.